மணி அடிக்காத பாட்டு

ஆயுத பூஜையன்று வில்லாபுரம் ‘ஸ்ரீநாதம்’ ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்தாம்: கூடத்தின் சொந்தக்காரர் சௌந்தரராஜன், அவர் மனைவி பத்மாசினி, மகன் உமேஷ், தங்கை மகன் சாய்பிரசாத், பூ கொண்டுவந்த ஒச்சாயி, பத்து வருடமாக அங்கே ஒலிப்பதிவு பார்க்கும் இம்மானுவேல். இவர்களில் இம்மானுவேல் தீபாராதனைக்கு முன்பே கிளம்பிவிட்டான். சர்ச்சில் பாடகர் குழுவுக்கு ஒத்திகை இருந்தது. வேறு ஒரு ஈ கூட உள்ளே வரவில்லை என்று சௌந்தரராஜன் அழுத்திச் சொன்னார்.

மறுநாள் விஜயதசமி. அவர் சொன்னதையெல்லாம் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள் விக்டோரியா. கே.கே. நகரில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள். வேலையில் பாதிக்குமேல் மாப்பிள்ளை விசாரணை. அதற்கு முன்னால் மிஷன் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். பக்கத்தில் அவளுடைய உதவியாளன் சிவபாண்டி. வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. வாய் மட்டும் இன்னும் கல்லூரிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தது.

போலீசுக்குப் போகாமல் இவர்களைக் கூப்பிட்டதற்குக் காரணம் இருந்தது. போலீஸ் வண்டி வாசலில் நின்றால் தெரு முழுக்கப் பார்க்கும். சௌந்தரராஜன் குடும்பத்து வாசலில் கல்யாணக் கார் நின்றிருக்கிறது, கோயில் வாகனம் நின்றிருக்கிறது. போலீஸ் வண்டி நின்றது கிடையாது. தான் உயிரோடு இருக்கும்வரை நிற்கப்போவதும் இல்லை என்று அவர் தீர்மானமாக இருந்தார்.

காணாமல் போனது ஒரு டாங்கிள். கட்டைவிரலில் பாதி இருக்கும். கம்ப்யூட்டரின் முகப்பில் உள்ள துளையில் செருகிவைத்திருப்பார்கள். அது செருகியிருந்தால்தான் ‘ராயல் ஹால்’ என்ற ரிவெர்ப் மென்பொருள் வேலை செய்யும். பஞ்சு ஒட்டிய அறைக்குள் பாடிய குரலைக் கல் மண்டபத்தில் பாடியதுபோல் முழங்கவைப்பது ரிவெர்ப்பின் வேலை. அது இல்லாவிட்டால் எப்பேர்ப்பட்ட பாட்டும் ஜவுளிக்கடைக்குள் நின்று பாடியது மாதிரி அமுங்கிப் போகும். பஜனைச் சபைக்காரர்களுக்குப் பெருமாள் பாட்டுகளை அன்று மாலை முடித்துத் தருவதாகச் சௌந்தரராஜன் வாக்குக் கொடுத்திருந்தார். கம்பெனிக்கு எழுதி மாற்று டாங்கிள் வாங்கலாம்தான். அது கடல் தாண்டி வந்துசேர்வதற்குள் பெருமாளுக்கு அடுத்த உற்சவம் வந்துவிடும்.

எடுத்தவன் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. இம்மானுவேல்தான். மாலைக்குள் டாங்கிள் வராவிட்டால் நாளையிலிருந்து அவன் வரவேண்டாம் என்று காலையிலேயே சொல்லிவிட்டார். அவன் தன் பையைத் திறந்து மேசையில் கவிழ்த்துக் காட்டிவிட்டு, பக்கத்து அறையில் உட்கார்ந்து கேபிள்களைச் சுற்றிக்கொண்டிருந்தான். இந்த ஊரில் ஒலிப்பதிவுக் கூடங்கள் எல்லாமே ஒன்றுக்கொன்று சொந்தம் அல்லது பகை. திருட்டுப் பட்டத்தோடு வெளியே போகிறவனை இரண்டு தரப்பும் சேர்த்துக்கொள்ளாது. அது சௌந்தரராஜனுக்கும் தெரியும்.

“இம்மானுவேல் மேல என்னங்கய்யா சந்தேகம்?” என்று விக்டோரியா கேட்டாள்.

அவன் ஆரம்பத்திலிருந்தே அந்த டாங்கிளுக்கு எதிரி என்றார் சௌந்தரராஜன். ரிவெர்ப் வாங்குகிறபோது அவன் ஒரு வேடிக்கை செய்தான். மூன்று மென்பொருளைப் போட்டு, பெயர் சொல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொன்னான். அவர் கேட்டார். இரண்டாவதுதான் மண்டபம் மாதிரி இருக்கிறது என்றார். கண்ணைத் திறந்த பிறகுதான், அது ‘ஸ்டோன் ரூம்’ என்றும், அதற்கு டாங்கிள் எதுவும் கிடையாது, மின்னஞ்சலில் ஒரு எண் வரும், அவ்வளவுதான் என்றும் தெரிந்தது. உடனே மனத்தை மாற்றிக்கொண்டார். பூட்டுப் போட வேண்டிய அவசியமில்லாத பொருளை எவன் மதிப்பான்? டாங்கிள் உள்ள ‘ராயல் ஹால்’தான் வேண்டும் என்று பிடிவாதமாக வாங்கினார். காது சொன்னதை விட்டுவிட்டுப் பூட்டைப் பார்த்து வாங்குகிறோமே என்று இம்மானுவேல் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது. அதை அவர் மறக்கவில்லை.

“வீட்டுக்குப் பொண்ணு எடுக்கிற மாதிரி எடுத்திருக்கீங்க. பாட்டுக் கேக்கல, பீரோ சாவியப் பாத்துட்டீங்க” என்றான் சிவபாண்டி.

விக்டோரியா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் வாயைத் துடைத்துக்கொண்டான்.

பதிவறையைப் பார்க்க வேண்டும் என்றாள். சௌந்தரராஜன் எழுந்து அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தார். அறைக்குள் நுழைந்ததும் சிவபாண்டி ஒரு நிமிடம் நின்றுவிட்டான். ஸ்பீக்கர், மிக்ஸர், மைக் ஸ்டாண்டு, கீபோர்டு, ஹெட்போன், நாற்காலிக் கைப்பிடி எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும். மௌஸில் பொட்டு, ஏசி ரிமோட்டில் பொட்டு.

“தண்ணி கேனுக்கும் வச்சிருக்கீகளேய்யா.”

“தண்ணி குடிக்காம எவன் பாடறான்?” என்றார் சௌந்தரராஜன்.

பூஜைக்குத் துடைப்பது, பொட்டு வைப்பது, பொரியும் கடலையும் அள்ளிப் பையில் போட்டு வந்தவர்களுக்குக் கொடுப்பது எல்லாம் அந்தக் குடும்பத்தில் தலைவருடைய வேலை. வேறு கை படக்கூடாது. அவர் அப்பா தறிகளுக்கு அப்படித்தான் செய்தார். அவர் கணினிகளுக்குச் செய்கிறார். அவருடைய மோதிரவிரல் ஒரு பழைய விபத்தில் சற்றே வளைந்தது. அதனால் அவர் வைக்கிற பொட்டு எல்லாம் இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். கூடம் முழுக்க ஒரே சாய்வு. அதைப் பார்க்கிறபோது அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

விக்டோரியா கம்ப்யூட்டருக்கு முன்னால் குனிந்தாள்.

“டாங்கிளைத் துடைச்சீங்களா?”

“துடைச்சேன்.”

“பொட்டு வச்சீங்களா?”

“வைக்காம இருப்பேனா? முதல் பொட்டே அதுக்குத்தான்.”

“அப்புறம்?”

“மாட்டினேன்.”

விக்டோரியா கையை நீட்ட, சிவபாண்டி போனில் விளக்கைப் போட்டுக் கொடுத்தான். கம்ப்யூட்டரின் முகப்பில், டாங்கிள் செருகுகிற துளையின் வாய்மேலேயே ஒரு பொட்டு இருந்தது. சந்தனம் காய்ந்து, மேலே மெல்லிய மூடி போட்டதுபோல் துளையை அடைத்திருந்தது. ஒரு கீறல் இல்லை. பொட்டு இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

“ஐயா, டாங்கிளுக்கு ஒரு பொட்டு வச்சிருக்கீங்க. துளைக்கு ஒரு பொட்டு வச்சிருக்கீங்க. டாங்கிளைத் திருப்பி மாட்டியிருந்தா துளைமேல பொட்டு எப்படி விழும்?”



சௌந்தரராஜன் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கைதான்; சந்தேகமில்லை. நேற்று நடந்தது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. டாங்கிளைத் துளையிலிருந்து எடுத்தார். ஈரத்துணியில் துடைத்தார். சரஸ்வதி படத்துக்கு முன்னால், பொரி குவித்திருந்த வாழையிலையின் ஓரத்தில் வைத்தார். பொட்டு வைத்தார். அங்கே நினைவு நின்றுவிட்டது. இலையிலிருந்து எடுத்த ஞாபகம் இல்லை.

மகன் உமேஷ் அதற்குள் முந்திக்கொண்டான். அப்படியானால் துடைக்கிற நேரத்திலேயே டாங்கிள் போயிருக்கிறது, அப்போது இம்மானுவேல் இங்கேதானே இருந்தான் என்றான். சௌந்தரராஜன் வாயைத் திறந்தார். ‘அவன் இல்லைப்பா’ என்ற இரண்டு சொற்கள் நாக்குவரை வந்தன. பக்கத்து அறையில் கேபிள் சுற்றுகிற சத்தம் நின்றிருந்தது, இம்மானுவேல் கேட்டுக்கொண்டிருக்கிறான். மகனுக்கு முன்னால், வெளி ஆட்களுக்கு முன்னால், காலையில் தான் திருடன் என்று சொன்னவனுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? அவர் தொண்டையைச் செருமிவிட்டு வாயை மூடிக்கொண்டார். அந்தச் செருமலை விக்டோரியா கவனித்தாள். 

“நேத்து இங்கேருந்து யார் யார் என்ன எடுத்துட்டுப் போனாங்க?” என்று மட்டும் கேட்டாள்.

ஒச்சாயிக்கு ஒரு பொரிப் பை. சாய்பிரசாத்துக்கு ஒரு பொரிப் பை. முன்னாலேயே கிளம்பிவிட்டதால் இம்மானுவேலுக்குப் பை கிடைக்கவில்லை. வேறு ஒன்றும் வெளியே போகவில்லை. இதைச் சொன்னவள் பத்மாசினி. சொல்லிவிட்டுக் கணவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வெளியாட்களுக்குப் புரியாத தங்கள் வீட்டுப் பாஷையில் மெல்ல ஏதோ சொன்னாள். சௌந்தரராஜன் அது காதில் விழாததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிவபாண்டி மாட்டுத்தாவணிப் பூமார்க்கெட்டில் இருந்த ஒச்சாயிக்குப் போன் போட்டான். பொரி எப்படி இருந்தது என்று நலம் விசாரிப்பதுபோல் விசாரித்தான். பேரப்பிள்ளைகள் நேற்றே தின்று தீர்த்துவிட்டன, ஒரு கல் இல்லை, ஒரு தூசி இல்லை என்று அவள் சொன்னாளாம்.

“அம்புட்டுச் சுத்தமாம்க்கா. ஐயா வீட்டுப் பொரியாச்சே.”

விக்டோரியா சிரிக்கவில்லை. சாய்பிரசாத்தைப் பற்றிச் சொல்லும்படி கேட்டாள்.

சொல்வதற்குப் பெருமையான விஷயம் எதுவும் இல்லை என்று சௌந்தரராஜன் தொடங்கினார். மாட்டுத்தாவணிப் பக்கம் மாடியில் ஒரு சின்னக் கூடம் வைத்திருக்கிறான். அம்மன் பாட்டுகள் போட்டு யூடியூபில் ஏற்றுகிறான். அவனிடமும் அதே ‘ராயல் ஹால்’ இருக்கிறது. ஆனால் காசு கொடுத்து வாங்கியது இல்லை. இலவசமாகச் சோதித்துப் பார்க்கக் கொடுக்கிற பிரதி. அதில் தொழில் செய்யக்கூடாது. செய்தால் கண்டுபிடிக்க, கம்பெனிக்காரன் அதற்குள் ஒரு பொறி வைத்திருக்கிறான். சீரான இடைவெளியில் முழக்கம் ஒரு கணம் அறுந்துபோகும். அந்தக் கணத்தில் பாட்டு பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும்.

“அதை மறைக்கத்தான் அவன் மணி அடிக்கிறான். முழக்கம் அறுந்துபோற இடத்துல எல்லாம் ஒரு கோயில் மணி. ஜனங்க அதை அவனோட பாணின்னு கொண்டாடுது. எங்க குடும்பத்துப் பேரைச் சொல்லிக்கிட்டு மணியடிச்சுத் திருடறான்மா.”

நேற்று பூஜையில் எல்லார் முன்னாலும் அவனுக்குப் புத்தி சொன்னதாகவும் கூறினார். இனிமேல் நேர்வழியில் தொழில் பண்ணு, அதற்கு என்ன வேண்டுமோ மாமா நான் தருகிறேன் என்று சொல்லி, பொரிப் பையைத் தன் கையாலேயே கொடுத்தார். புத்தி சொல்வது தலைவருடைய கடமை. கேட்பதும் கேட்காததும் அவனவன் பாடு.

சிவபாண்டி தன் போனில் சாய்பிரசாத்தின் பாட்டு ஒன்றை ஓடவிட்டான். அவன் வீட்டில் வெள்ளிக்கிழமை தவறாமல் ஓடுகிற பாட்டுதான். கொஞ்ச நேரத்தில் ‘டிங்’ என்று மணி. அதே இடைவெளியில் மறுபடி மணி. இன்னொரு பாட்டு போட்டான், அதிலும் மணி.

“என் பொண்டாட்டி இந்த மணிக்கு எந்திரிச்சு நின்னு கும்பிடுவா. காப்பிரைட்டக் கும்பிட்டிருக்கா, பாவம்.”

“புதுசு எதுவும் போட்டிருக்கானா பாரு” என்றாள் விக்டோரியா.

அன்று காலையில் ஒன்று ஏற்றியிருந்தான். ஓடவிட்டார்கள். குரல் எழுந்தது, உடுக்கை சேர்ந்தது, கல் மண்டபம் போல் எல்லாம் முழங்கியது. மணி வரவேண்டிய இடம் வந்தது. மணி வரவில்லை. முழக்கமும் அறவில்லை. உடுக்கையின் கடைசி அடி மண்டபத்தின் மூலைவரை போய்த் தேய்ந்து அடங்கியது. பாட்டு முடிகிறவரை ஒரு மணி கூட அடிக்கவில்லை.

உமேஷ்தான் முதலில் பேசினான். டாங்கிள் செருகினால்தான் அந்தப் பொறி அடங்கும் என்றான்.

“கிளம்புவோம்” என்றாள் விக்டோரியா.

உமேஷ் கார் ஓட்ட, சௌந்தரராஜன் முன்னால் விறைப்பாக உட்கார்ந்து வந்தார். பின்சீட்டில் சிவபாண்டி அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, மணி வரவேண்டிய இடத்தில் எல்லாம் நாக்கால் ஒரு ‘டிங்’ போட்டான். சௌந்தரராஜன் மனத்துக்குள் வசனம் தயாராகிக்கொண்டிருந்தது. பொரியோடு டாங்கிளையும் அள்ளிப் பையில் போட்டது கைத்தவறு. ஆனால் அதை எடுத்துச் சொல்லாமல் செருகிக்கொண்டவன் திருடன். அடுத்தவர் பொருள் என்று தெரிந்தும் வைத்துக்கொண்டவன். தங்கை மகனாக இருந்தால் என்ன? நாலு பேர் முன்னால் கேட்டுத் திருப்பி வாங்கிவிட்டால் குற்றம் முழுக்க அவன் பக்கம் போய்விடும். தன்னுடைய கை அதில் எங்கேயும் தெரியாது. கார் மாட்டுத்தாவணியை நெருங்குவதற்குள் அவர் ஏறக்குறைய நிம்மதியாகிவிட்டார்.

மாடிப்படி ஏறி உள்ளே போனதும் சாய்பிரசாத் எழுந்தான். யார் வந்திருக்கிறார்கள், எதற்கு என்று எதுவும் கேட்கவில்லை. நெடுஞ்சாண்கிடையாக மாமா காலில் விழுந்தான்.

கம்ப்யூட்டருக்கு மல்லிகைப்பூ மாலை போட்டிருந்தான். துளையில் டாங்கிள் இருந்தது. அதன்மேல் சந்தனமும் குங்குமமும் அழியாமல் இருந்தன. பொட்டு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அதைத் துடைக்க மனசு வரவில்லை என்று சாய்பிரசாத் சொன்னான்.

“என்ன வேணுமோ நான் தாரேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க மாமா. சும்மா சொல்றீங்கன்னு நெனச்சேன். வீட்டுக்கு வந்து பொரியப் பிரிச்சா, பொட்டு வச்சு உள்ள போட்டிருக்கீங்க. கையில குடுத்தா நான் கூச்சப்படுவேன்னுதானே அப்பிடிப் போட்டீங்க?”

அவன் தானே தொடர்ந்தான். நேற்று அழுதுவிட்டானாம். அவன் அம்மா, சௌந்தரராஜனின் ஒரே தங்கை, சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது. அண்ணன் தன் கூடத்துப் பொருளையே எடுத்துக் கொடுத்திருக்கிறார், இப்படி ஒரு மனுஷன் எங்கள் குடும்பத்தில் உண்டா என்று. சோதனைப் பிரதியை அழித்துவிட்டான். மணி அடித்த பழைய பாட்டுகளை எல்லாம் யூடியூபிலிருந்து எடுக்கத் தொடங்கிவிட்டான், பாதி போய்விட்டது. இனி நேர்வழிதான்.

உமேஷ் “மாப்ள, அது வந்து…” என்று ஆரம்பித்தான். விக்டோரியா அவன் கையைத் தொட்டாள். அவள் சௌந்தரராஜனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோயிலில் கர்ப்பூரத் தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறவர் மாதிரி இருந்தது அந்தப் பார்வை. எடுத்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் விருப்பம் என்பதுபோல.

சௌந்தரராஜன் தயாராக வைத்திருந்த வசனத்தைத் தேடினார். அது காரிலேயே தங்கிவிட்டது. திருப்பிக் கேட்டால் டாங்கிள் கிடைக்கும். தங்கை அத்தனை பேருக்கும் மறுபடி போன் போடுவாள். கேட்காவிட்டால் பாட்டு போகும். சபைக்குக் கொடுத்த வாக்கு போகும். அங்கே வில்லாபுரத்தில் ஒருவன் செய்யாத திருட்டுக்காகக் கேபிள் சுற்றிக்கொண்டிருக்கிறான். நிமிர்ந்து நின்றபடியே அவர் இதையெல்லாம் நினைத்தார். அவர் முதுகு வளைந்து யாரும் பார்த்ததில்லை.

பிறகு போனை எடுத்து இம்மானுவேலைக் கூப்பிட்டார்.

“இம்மானுவேல், அன்னைக்குக் கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டேனே, ரெண்டாவது. அதை வாங்கிப் போடு. உமேஷ் பணம் கட்டுவான்.”

மறுமுனையில் அவன் தயங்கினான். அதற்கு டாங்கிள் கிடையாதே ஐயா என்றான்.

“தெரியும். டாங்கிள் தொலையலை. நான்தான் குடுத்தேன், சாய்பிரசாத்துக்கு. நீ எங்கயும் போக வேண்டாம்.” போனை மறு காதுக்கு மாற்றினார். “சாப்பிட்டியா?”

போனை வைத்தார். சாய்பிரசாத்துக்கு ஒன்றும் புரியவில்லை. சிவபாண்டிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதுதான் சங்கடம்.

“ஐயா, ‘தப்புதான்ப்பா’ங்கிற வார்த்தைக்கும் டாங்கிள் செருகணுமோ? தொறக்க மாட்டேங்குது.”

விக்டோரியா இந்தத் தடவை அவனை முறைக்கவில்லை. சௌந்தரராஜன் முறைத்தார். நன்றாக முறைத்தார். அப்புறம் அங்கவஸ்திரத்தைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு மொட்டைமாடிக் கதவைத் திறந்து வெளியே போனார். கைப்பிடிச் சுவரோரம் எல்லாருக்கும் முதுகைக் காட்டியபடி நின்று, இம்மானுவேலுக்கே இன்னொரு தடவை போன் போட்டார். என்ன பேசினார் என்பது யாருக்கும் கேட்கவில்லை. கீழே பஸ்கள் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. பேசி முடித்துத் திரும்பியபோது முகம் சிவந்திருந்தது. வெயில் என்றார்.

மாலையில் பெருமாள் பாட்டுகள் வாக்குக் கொடுத்தபடியே சபைக்குப் போய்ச் சேர்ந்தன. ‘ஸ்டோன் ரூம்’ முழக்கம் மண்டபம் போலவே இருக்கிறது, எங்கே பதிவு செய்தீர்கள் என்று சபைத் தலைவர் கேட்டார். எல்லாம் என் காது தேர்ந்தெடுத்தது என்றார் சௌந்தரராஜன். இம்மானுவேல் பக்கத்தில்தான் நின்றான். அவன் கையில் ஒரு பொரிப் பை இருந்தது. ஒரு நாள் தாமதமாக வந்த பை. உள்ளே வேறு ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை குலுக்கிப் பார்த்துக்கொண்டான்.

ஆயுத பூஜையன்று ‘ஸ்ரீநாதம்’ கூடத்தில் டாங்கிள் திருடு போனதென்றும், கே.கே. நகர் அம்மாளை வைத்துக் கண்டுபிடித்து மீட்டார்கள் என்றும் வில்லாபுரத்தில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. திருடு போகவில்லை. மீட்கவும் இல்லை. மாமா மருமகனுக்குக் கொடுத்தார்.